பல்லி இல்லாத வீடு

மீன்கள் ஊமை என்று நினைப்பவர்களோடு எனக்குச் சண்டை எதுவும் கிடையாது, இன்ஸ்பெக்டர். கோமாளி மீன் வளர்க்கும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த நாற்காலி மட்டும் வேண்டாம், அது வீரம்மா அக்காவுடையது. இப்படி மேசைப் பக்கம் உட்காருங்கள். இங்கிருந்து நன்றாகக் கேட்கும்.

தொட்டியில் இரண்டு மீன்கள். பெரியது பெண், சின்னது ஆண். தீனி விழுந்ததும் பெரியது வாயை வெடுக்கென்று மூடி, 'டக், டக்' என்று சத்தமெழுப்பிச் சின்னதை விரட்டும். சின்னது உடம்பை உதறிக்கொண்டு ஒதுங்கிவிடும். அதைப் பார்த்து நான் வருத்தப்பட்டதில்லை. அத்தான் இறந்தபின் அக்காவுக்குத் துணையாக இந்தக் கிள்ளான் வீட்டுக்கு வந்தவன் நான், ஒதுங்கிப் பழகியவன்.

ஒருநாள், மகள் லோகேஸ்வரிக்குக் காஜாங்கில் நல்ல வீடாக அமைந்துவிடும் என்று அக்கா சொல்லி வாய் மூடவில்லை, தொட்டியிலிருந்து 'டக், டக்'. அக்கா நாற்காலிக் கையை விரலால் மூன்று முறை தட்டினார்.

"பாத்தியாடா ஜெயா, பல்லி சொல்லுது."

தொட்டிக்கு மேலே முருகன் படம் மாட்டியிருக்கிறது. அதன் பின்னால் பல்லி இருப்பதாக அவர் முடிவு கட்டிவிட்டார். உண்மையில் இந்த வீட்டில் பல்லியே கிடையாது. தொட்டியில் விழுந்து தண்ணீரைக் கெடுத்துவிடுமே என்று, மீன் வாங்கும் முன்பே பசை அட்டை வைத்து எல்லாவற்றையும் பிடித்துவிட்டேன். சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அக்காவைத் திருத்துகிற வழக்கம் எனக்கு இல்லை.

பிறகொரு நாள், பம்பு இரைச்சலில் டிவி கேட்கவில்லை, தொட்டியைத் தூக்கிப் போடு என்றார். நான் பம்பை நிறுத்தினேன். தீனி போடும்போது நிறுத்தத்தான் வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் தீனியை இழுத்துக்கொண்டு போய்விடும். "இது வீட்டுக்கு நல்லதுக்கா" என்று சொல்லி, ஒரு சிட்டிகை போட்டேன். டக், டக். அக்கா தட்டினார். தொட்டி தப்பியது. அன்று எனக்குண்டான சந்தோஷத்தை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. பிறந்ததிலிருந்து அக்கா என் பேச்சைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அப்புறம் அவருக்கு நெஞ்சில் அடைப்பு என்றார்கள். ஆபரேஷன் முடிந்ததும் அம்மாவைக் காஜாங்குக்கே கூட்டிப்போய்விடுவதாகவும், இந்த வீட்டை விற்றுவிடுவதாகவும் லோகேஸ்வரி சொன்னாள். "மாமா, மீன யாருக்காச்சும் குடுத்துருங்கலா" என்றும் சொன்னாள். மாமா எங்கே போவார் என்று யாரும் பேசவில்லை. மறந்திருப்பார்கள். அவள் நல்ல பிள்ளைதான்.

அக்காவுக்குக் கத்தி என்றால் பயம். "கத்தி வெக்காமலே சரியாயிருமாடா?" என்று என்னைத்தான் கேட்டார். கேட்டாரே தவிர, பார்த்தது முருகன் படத்தை. சரியாகிவிடும் என்றேன். மீனுக்குத் தீனி போட்டேன். மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டார். மீனுக்குத் தீனி போடுவது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை என்று நினைக்கிறேன்.

நீங்கள் விசாரிக்க வந்த அந்த மத்தியானம், சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தவருக்கு முகமெல்லாம் வேர்த்தது.

"ஆம்புலன்ஸ கூப்பிடுடா."

போன் என் சட்டைப் பையில் இருந்தது. கூப்பிட்டால் ஆஸ்பத்திரி; ஆஸ்பத்திரி போனால் ஆபரேஷன்; அதற்கப்புறம் காஜாங். எழுந்துபோய்ப் பம்பை நிறுத்தினேன். கூடம் அமைதியாயிற்று.

"வேணாம்க்கா. கொஞ்ச நேரத்துல சரியாயிரும்."

டக், டக்.

அக்கா படத்தைப் பார்த்தார். முகத்தில் ஒரு நிம்மதி வந்தது, அதை நான் கண்ணால் பார்த்தேன். விரலைத் தூக்கி நாற்காலிக் கையைத் தட்டினார். இரண்டு முறை தட்டினார். மூன்றாவதற்காக நான் காத்திருந்தேன். அது வரவில்லை. பம்பு ரொம்ப நேரம் நின்றால் மீனுக்கு ஆகாது என்பதால், எழுந்து அதைப் போட்டேன். அதன் பிறகுதான் லோகேஸ்வரிக்குப் போன் செய்தேன். ஏன் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை என்று அவள் உங்களிடம் புகார் கொடுத்ததில் எனக்குக் கோபமில்லை. அவளுக்குப் பல்லி சாஸ்திரத்தில் நம்பிக்கை கிடையாது.

ஒரு நிமிஷம், இந்தப் பம்பை நிறுத்திவிடுகிறேன். நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக இருக்கும்.

அக்கா எங்கும் போய்விடாமல் என்னோடு இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவுதான். அவர் சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

கேட்டீர்களா? நீங்களே மேசையை மூன்று முறை தட்டிவிட்டீர்களே, இன்ஸ்பெக்டர். என் கையை ஏன் பார்க்கிறீர்கள்? இது அவற்றுக்குத் தீனி நேரம்.