பத்து லேசரும் என் கதம்பமும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் ஐயா, அந்த விளையாட்டில் ஒரு குறையும் இல்லை. மூட்டை தூக்கி முதுகு விட்டுப்போன ஆளுக்குக் கைப்பேசியில் கப்பல் கட்டுவது நல்ல ஓய்வு. விண்வெளியில் போர் செய்யும் கப்பல்கள். ஒவ்வொன்றிலும் பத்து ஆயுதம் பொருத்தலாம். எதைப் பொருத்துவது என்பதில்தான் எனக்கும் என் தங்கை புருஷனுக்கும் ஒத்துப்போகவில்லை. இருவருக்கும் ஒரே கிடங்கில் வேலை.

மாப்பிள்ளை பத்திலும் லேசர்தான் வைப்பான். எல்லாம் ஒரே தூரம் பாயும், ஒரே நேரத்தில் சுடும், ஒன்றின் சக்தியைக் கூட்டினால் பத்துக்கும் கூடும் என்பான். நான் லேசர், பீரங்கி, ஏவுகணை மூன்றையும் கலந்து வைப்பேன். எதிராளி லேசரைத் தடுக்கும் கேடயம் போட்டுவிட்டால் பத்து இருந்தும் என்ன பயன்? ஒன்று தடைபட்டால் இன்னொன்று பாய வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியவன் நான். ஆயுதங்களைப் பற்றிய குறிப்புகளை ஒரு வரி விடாமல் படித்தேன். அவன் படித்ததே இல்லை.

எட்டு மாதம் நான் கட்டிய படையை ஒரு மதிய இடைவேளையில் அழித்துவிட்டான். சுமைக்காரர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

"என்ன மச்சான், கண்டதையும் சேத்துக் கதம்பம் கட்டியிருக்க?" என்றான்.

"தண்ணி தெளிச்சு வைப்பா, வாடிடப்போவுது," என்றார் மேஸ்திரி.

அன்றிலிருந்து என் பெயர் கதம்பம். நான் கோபப்படவில்லை. சரியான கேடயத்தோடு ஓர் எதிராளி அவனுக்கு வருவான் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஒருநாள் அவன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, "கதம்பத்துக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்றான். தங்கை சிரித்தாள். அவள் மேல் தப்பில்லை, சிரிப்பு வந்தது, சிரித்தாள்.

கிடங்கில் சரக்கு லிஃப்டுக்குள் வண்டியைப் பின்பக்கமாக நடந்து இழுத்துக்கொண்டு போவது எங்கள் வழக்கம். கண் சரக்கின் மேலேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சரிந்துவிடும். முதுகுப்பக்கம் யாரும் திரும்புவதில்லை. கூண்டு வந்து நிற்காமல் கதவு திறக்காது, அதற்கென்று ஒரு கொக்கி இருக்கிறது. கதவைத் திறந்துவைப்பது என் வேலை.

அன்றைக்குக் கொக்கியைக் கம்பியால் கட்டி, கூண்டு கீழே இருக்கும்போதே கதவைத் திறந்தேன். அதற்கு முன்பே அங்கிருந்த விளக்கைக் கழற்றியிருந்தேன். வாசலில் எண்ணெயும் ஊற்றினேன். ஒன்று தவறினால் இன்னொன்று இருக்க வேண்டுமல்லவா.

"தொறந்தாச்சா மச்சான்?" என்றான்.

"வா மாப்ள," என்றேன்.

அது மூன்றாவது மாடி. வண்டியும் அவன் மேலேயே போய் விழுந்தது. தங்கையிடம் நானே போய்ச் சொன்னேன். என் தோளில் விழுந்துதான் அழுதாள். நான் தூக்கும் மூட்டைகளோடு ஒப்பிட்டால் அவள் ஒரு கனமே இல்லை.

நேற்று நீங்கள் சொன்னதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பின்பக்கமாக நடப்பவனுக்கு விளக்கு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்றீர்கள். எண்ணெயில் அவன் கால் படவே இல்லை, தாண்டித்தான் வைத்திருக்கிறான் என்றீர்கள். கதவு ஒன்றே போதுமாக இருந்ததாம்.

கொன்றது நான்தான் ஐயா. எந்த இடத்தில் சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். எது கொன்றது என்று கிடங்கில் சுமைக்காரர்கள் எப்படியும் விசாரிப்பார்கள். மூன்றும் சேர்ந்துதான் அவனைக் கொன்றன என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.