செத்துப்போன இடிவேந்தனுக்குப் பரிசம்

ஹலோ... ஹலோ... நிரோஷன்? நான் தனுஷன்டா... ஆமா ஆமா, தோட்டத்துலருந்துதான்... இல்ல, சத்தமாப் பேச ஏலாது. சுலக்ஷனா வீட்டுக்குப் பின்னால தண்ணிப் பீலிகிட்ட நிக்கிறேன். இங்கதான் சிக்னல் கொஞ்சம் நல்லா இருக்கு... ஆமா, இன்னைக்குத்தான் பரிசம்... வாழ்த்தெல்லாம் அப்புறம் சொல்லு. பரிசம் பாதியில நிக்குது.

...இல்ல இல்ல, நகைப் பிரச்சின இல்ல... சாதகமும் இல்ல. நான் செத்துப் போயிட்டேனாம்.

...சிரிக்காதடா. சத்தியமா. நான் செத்தவனாம், செத்தவனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டாராம் சுலக்ஷனாவோட அப்பா.

...எங்க செத்தேனா? உன் படத்துலதான்! வேற எங்க சாவேன்? எட்டு மாசத்துக்கு முன்னால ஏதோ குளிர்நாட்டு இடிச்சாமி கதைய 'இடிவேந்தன்'னு படம் எடுத்து, நோட்டன் பிரிட்ஜ் டேம் தண்ணிக்குள்ளருந்து உரச் சாக்குல தைச்ச பாம்ப வர வச்சு, என்னைக் கொன்னுட்டுக் கொழும்புக்குப் போயிட்டியே. அதுலதான்.

...ஆமா. ஆமா... யூடியூப்ல எத்தன பேரு பாத்தா எனக்கென்ன. கேளு. சுலக்ஷனாவோட அப்பா யாரு? பழனியாண்டி மாமா. முப்பத்தொரு வருசமா காமன் கூத்துல சிவன் வேசம் கட்டுறவரு. அவருதான் மாஸ்டரு. அது தெரியும்ல... ம். அந்தப் படத்துக்கு எனக்குக் கிரீடம் எங்கருந்து வந்திச்சு? கூத்துச் சாமான் பெட்டியிலருந்து. காப்புக் கட்டாம அந்தக் கிரீடத்தத் தலையில வைக்கக் கூடாதுன்னாங்க. பூசாரி வரலன்னு நீயே எனக்குக் காப்புக் கட்டின. கேமரா வேற ஓடிக்கிட்டிருந்திச்சு. ஞாபகம் வருதா?

...அதேதான். அந்தக் கயிறு இன்னும் கையில இருக்கு.

...ஏன் அறுக்கலயா? யாரு அறுக்கிறது? காமன மூணாம் நாள் உயிர் எழுப்பிட்டுத்தான் காப்ப அறுப்பாங்க. என்னை எழுப்பினியா நீ? 'தொடரும்'னு போட்டுட்டு பஸ் ஏறிட்ட. ஒரு தடவ நானே கத்தியெடுத்தேன்டா. கயித்துல வச்சேன். அந்த நேரம் பாத்து இடி விழுந்து எட்டு லயத்து வீடுகளுக்கும் கரண்டு போச்சு... மழக்காலம்னு எனக்கும் தெரியும். ஆனாலும் கத்தியக் கீழ வச்சுட்டேன். அதுக்கப்புறம் நீளக்கை சட்டதான்.

...இன்னைக்கும் நீளக்கைதான் போட்டேன். சுலக்ஷனா தேத்தண்ணி கொண்டு வந்தா. வாங்கக் கைய நீட்டினேன். சட்டக்கை மேல ஏறிருச்சு. மாமா பாத்துட்டாரு. தட்ட அப்பிடியே கீழ வச்சுட்டாரு, வெத்தல பாக்கு மாத்தவே இல்ல. இவன் எட்டு மாசமாப் பொணமா அலையிறானேன்னு சொல்லிட்டு, அத்தைய வெளிய கூப்பிட்டுத் தலையில தண்ணி ஊத்திக்கச் சொன்னாரு. ஏன்னா அத்த எனக்கு வட வச்சிருச்சாம். பொணத்துக்குப் பரிமாறினது தீட்டாம்.

...ரெண்டு வட சாப்பிட்டேன். அத ஏன் கேக்குற இப்ப?

...சரி சரி. நான் எதுக்குப் போன் எடுத்தேன்னு சொல்றேன். ரெண்டாம் பாகம் எடுக்கப் போறன்னு சொன்னல்ல? அதுல மொத சீன்லயே என்னை எழுப்பிரு. நாளைக்கு விடிய பஸ் ஏறி வா. அஞ்சு நிமிசம் போதும். போன்லயே எடு. நான் படுத்துக்கிறேன், நீ எழுப்பு, காப்ப அறு. மாமா வந்து நின்னு பாப்பாரு.

...என்ன?

...என்னடா சொல்ற? ரெண்டாம் பாகத்துலயும் நான் செத்துத்தான் கிடக்கிறேனா?

...பாதாள லோகத்துலயா... ம்... பாதி ஒடம்பு நீலக் கலர்ல ஒரு மகாராணி... ம்... எட்டுக் கால் குதிர... டேய், குதிரைக்கு எங்க போவ? நுவரெலியா லேக்கடியில நிக்கிறதுக்கே நாலு கால்தான்... சரி, கம்ப்யூட்டர்ல ஒட்டுவ. நான் எப்ப எந்திரிக்கிறேன்? அத மட்டும் சொல்லு.

...மூணாம் பாகமா?

...அது எப்ப?

...ரெண்டு வருசமா!

டேய், நிரோஷன். சுலக்ஷனாவுக்கு ராகலையிலருந்து இன்னொரு எடம் பாத்து வச்சிருக்காங்க. மாப்பிள ஸ்கூல் மாஸ்டரு. உசிரோட இருக்கான். நான் ரெண்டு வருசம் பாதாள லோகத்துல கிடந்தா அவ யாரு வீட்டுல இருப்பா?... சஸ்பென்ஸ் போகட்டும்டா. எனக்கு அவள விட்டா யாருமில்ல. அவ இல்லன்னா நான் நெசமாவே செத்தவன்தான்... இல்ல, அழல. மூக்கு அடச்சிருக்கு.

...போன்லயா? நீ போன்லயே எழுப்புறியா?... அப்பிடி ஏலுமா?... சரி, இரு, முன்னுக்குப் போறேன். ஸ்பீக்கர்ல போடுறேன். மரியாதையாப் பேசு, எல்லாரும் முன் திண்ணையில, இஸ்தோப்புல இருக்காங்க.

மாமா, படம் எடுத்த நிரோஷன் லைன்ல இருக்கான். அவன்தான் காப்புக் கட்டினவன். அவனே எழுப்பிடுறேங்கிறான்... சொல்லுடா. சத்தமா.

...

ம். கேட்டிச்சா, மாமா... டேய், மாமா ஒண்ணு கேக்குறாரு. நீ யாருன்னு கேக்குறாரு. சிவனான்னு... டைரக்டருங்க, மாமா... டைரக்டருக்கு அந்த அதிகாரம் கிடையாதாம். என்னைச் சாகச் சொல்லி உத்தரவு போட்டது எந்தச் சாமின்னு கேக்குறாரு... அந்தக் குளிர்நாட்டு இடிவேந்தனோட அப்பா சாமிங்க, மாமா. ஒத்தக் கண்ணு சாமி. ஒரு கண்ணக் கிணத்துல போட்டுட்டாரு... மாமா சொல்றாரு, அவரு மூணு கண்ணு வச்சிருக்கிற சாமி கட்டுறவராம். ஒத்தக் கண்ணுச் சாமி போட்ட உத்தரவுல அவரு ஏன் தலையிடணும்னு கேக்குறாரு. அதுவும் ரதி இல்லாத கூத்துல.

...ரதிடா, ரதி. படத்துல எனக்குப் பொஞ்சாதி யாரு?... யாருமில்லதானே. நடிக்கப் பொண்ணு கிடைக்கலன்னு நீ பாம்ப ரெண்டு சீன் கூட்டின. ரதி அழுது கேட்டாத்தான் சிவன் உயிர் குடுப்பாராம். கேக்க ஆளில்லாம யாரும் எழும்பினதில்லயாம்.

...ஐயோ, அதச் சொல்லாத! ஸ்பீக்கர்ல இருக்கு... இல்லங்க, மாமா, அவன் சும்மா சொல்றான். கொழும்புலருந்து யாரையும் கூட்டி வரல... போச்சு. போச்சுடா. ஸ்பீக்கர நிறுத்திட்டேன். உனக்கு வாயே அடங்காதா? ரெண்டாம் பாகத்துக்கு ஹீரோயின் ரெடின்னு இப்பவா சொல்லணும்? மாமா சொல்லிட்டாரு. எவ அழுது என்னை எழுப்புறாளோ அவதான் எனக்குப் பொஞ்சாதியாம். அந்தக் கொழும்புப் பொண்ணையே கட்டிக்கச் சொல்லி எந்திரிச்சிட்டாரு.

...இரு. மாயாண்டி அண்ணன் ஏதோ சொல்றாரு. அவருதான்டா, நம்ம கூத்துல வருசா வருசம் மீசைய வழிச்சிட்டு ரதி கட்டுவாரே. எங்க பக்கத்துப் பெரியவரா வந்தவரு. தானே அழுது தர்றேங்கிறாரு... அண்ணே, வேணாங்க. நீங்க அழுதா நான் உங்களுக்கில்ல தாலி கட்டணும். ஒக்காருங்க.

...சிரிக்காத, நாயே.

...

நிரோஷன். இரு. பேசாத.

...சுலக்ஷனா வெளிய வந்துட்டா. பட்டுச் சீலையோட. அத்த கையப் பிடிச்சு இழுக்குது, நிக்க மாட்டேங்கிறா. வாசல்ல ஒக்காந்துட்டா. தலைய அவுத்து விட்டுட்டா. பூவெல்லாம் கீழ கிடக்கு.

...தெரியல. இரு... பாடுறாடா. ரதி புலம்புற பாட்டு. அம்புட்டும் தெரிஞ்சிருக்கு அவளுக்கு. வருசா வருசம் மாமா வீட்டுலதானே ஒத்திக. காம்பரா அறைக்குள்ள இருந்து கேட்டே படிச்சிருக்கா... மாமா கத்துறாரு. பொம்பளப் புள்ள ரதி கட்டுற வழக்கமில்லன்னு. அவ காதுல வாங்கல. மன்மதன் பேரு வர்ற எடத்துல எம் பேர வச்சுப் பாடுறா. இடிவேந்தன்னு இல்லடா. தனுஷன்னு. எங்க அப்பா பேரையும் சேத்து.

...மாயாண்டி அண்ணன் அழுறாரு. இம்புட்டு நாளும் தான் அழுததெல்லாம் நடிப்புங்கிறாரு.

...மாமாவா? நின்னுட்டாரு. வாய் முணுமுணுங்குது. பாட்டுல அடுத்த அடி அவரு அடிதானே. முப்பத்தொரு வருசமா ரதி பாடி முடிச்சா அவருதான் எடுப்பாரு... இல்ல, இன்னும் எடுக்கல. பல்லக் கடிச்சுக்கிட்டு நிக்கிறாரு... டேய், சட்டயக் கழட்டுறாரு.

...எனக்கும் பயமாத்தான் இருக்கு. இரு... அடிக்க இல்லடா. திருநீறு கேக்குறாரு. பூசுறாரு. எடுத்துட்டாருடா! பாட எடுத்துட்டாரு!

...ஆமா... ஆமா... எனக்குக் கண்ணு தெரியல, நீ வேற... வர்றேங்க, மாமா!... ம்?... சரிங்க... டேய், படத்துல எப்பிடிச் செத்தேன்னு கேக்குறாரு. அதே மாதிரி மறுபடி செத்துக் காட்டணுமாம், அப்பத்தான் கணக்காம்... பாம்பக் கொன்னுட்டு ஒம்பது எட்டு நடந்து விழுந்தேங்க, மாமா... வாசல்ல ஆறு எட்டுத்தான் இருக்கு. மிச்ச மூணு எட்டு பக்கத்து வீட்டு ராக்காயி அக்கா குசினிக்குள்ள போகுது... உள்ள வந்து விழுடா, தம்பிங்குது. அடுப்ப மட்டும் ஒதுக்கிக்கிறேங்குது.

...என்ன, ரெக்கார்டா? இல்ல. பண்ண மாட்டேன். இது உன் படத்துக்கில்ல... ரெண்டாம் பாகத்துக்கு வேற ஆளப் பாரு. எத்தனக் கால் குதிர வேணும்னாலும் வச்சுக்க.

...இந்தா வந்துட்டேங்க, மாமா!... வைக்கிறேன்டா. போனக் காதுல வச்சுக்கிட்டு எப்பிடிச் சாகுறது?