ஓட்டிப் பார்த்த உயில்

லிப்ட் கயிறு அறுந்தால் பெட்டி, கிணற்றில் நழுவின வாளி மாதிரி நேரே கீழே போய்விடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். போகாது. அளவு மீறி வேகம் எடுத்ததுமே பெட்டிக்கு அடியில் இருக்கும் இரண்டு தாடைகள் பக்கத்துத் தண்டவாளங்களைக் கவ்விக்கொள்ளும். இருபத்தாறு வருடமாக லிப்ட் மெக்கானிக்காக இருக்கிறேன். இதை நம்பிச் சொல்லவில்லை, பார்த்துச் சொல்கிறேன். ஆட்களுக்குப் பதிலாக இரும்பு எடைகளை ஏற்றி, வேண்டுமென்றே வேகத்தைக் கூட்டி, தாடை கவ்வுகிறதா என்று பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுப்பேன். ஓட்டிப் பார்க்காமல் எதையும் ஒப்படைத்ததில்லை.

அதனால்தான் வக்கீல் என் உயிலைப் படித்துக் காட்டி, "அவ்வளவுதான், இனிமே நிம்மதியா இருங்க" என்றபோது எனக்கு ஒரு சின்னச் சிக்கல் தட்டுப்பட்டது. எழுதினவன் செத்த பிறகுதான் உயில் ஓடவே ஆரம்பிக்கும். நடுவில் சிக்கி நின்றால் இறங்கிப் பார்க்க அவன் இருக்க மாட்டான். அப்படியானால் அதை எப்படி ஓட்டிப் பார்ப்பது? வக்கீலைக் கேட்டேன். சிரித்தார். நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

என் மகளைப் பற்றிச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். வயது பத்தொன்பது, மனசு ஐந்தில் நின்றுவிட்டது. இன்றைக்கும் செருப்பை இடம் வலம் மாற்றித்தான் போடுவாள். அவள் அம்மா போய் ஏழு வருடம் ஆகிறது. பகலெல்லாம் என் அண்ணனின் தையல் கடையில் உட்கார்ந்து பொத்தான்களை நிறம் பிரித்து டப்பாக்களில் போடுவாள். கடையைப் பூட்டும்போது அண்ணன் எல்லாவற்றையும் மறுபடி ஒன்றாகக் கலந்து வைப்பார். மறுநாள் அவளுக்கு வேலை வேண்டுமே. கடை ஐந்தாவது மாடியில் இருந்தது. அந்தக் கட்டடத்து லிப்ட் என் பராமரிப்பில் இருந்தது.

அண்ணனும் நானும் ஒரே நாளில், ஒரே வக்கீலிடம் உயில் எழுதினோம். அவருடையது அண்ணிக்கு, என்னுடையது மகளுக்கு. எனக்குப் பின் மகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அண்ணனுக்கு. அவர் உயிலில் நான் சாட்சி, என் உயிலில் அவர் சாட்சி. இரண்டிலும் இன்னொரு சாட்சி எதிர்வீட்டு ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். எழுபத்தெட்டு வயது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று அண்ணன்தான் அவரைக் கூட்டி வந்தார்.

வெளியே வந்து டீ குடிக்கும்போது அண்ணனிடமும் கேட்டேன்.

"அதுக்கு ஒருத்தன் செத்துக் காட்டணும்டா. நீயா நானா, சீட்டுக் குலுக்கிருவோமா?" என்றார்.

"விளையாடாதீங்கண்ணே."

"பின்ன என்ன, ஊரான் உயிலயா வாங்கி ஓட்டிப் பாக்க முடியும்? நம்ம ரெண்டு பேருதும்தான் ஒரே துணி, ஒரே வெட்டு."

சொல்லிவிட்டுத் தன் பிஸ்கட்டைப் பாதியாக உடைத்து என் மகளுக்குக் கொடுத்தார்.

அண்ணன் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அது சரியான கணக்கு. ஒரே அச்சில் வார்த்த இரண்டு இயந்திரங்களில் ஒன்றை ஓட்டினால் மற்றதன் கோளாறும் தெரிந்துவிடும். எட்டு மாதம் இதை யோசித்தேன். முதலில் என்னைத்தான் நினைத்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கோளாறு தெரியவந்தால் சரி செய்ய ஆள் வேண்டும். சோதிக்கிறவன் பெட்டிக்கு வெளியே நிற்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம்.

அண்ணன் மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. சொத்துத் தகராறு கிடையாது. சின்ன வயதிலிருந்து ஒரு சுடுசொல் கிடையாது. அப்பா போன பிறகு என்னைத் தோளில் போட்டு வளர்த்தவர் அவர்தான்.

ஒவ்வொரு மாடியிலும் லிப்டுக்கு ஒரு கதவு உண்டு. பெட்டி அந்த மாடியில் வந்து நின்றால்தான் அதன் பூட்டு விடும். அந்தப் பூட்டைக் கழற்றிவிட்டால், பெட்டி இல்லாவிட்டாலும் கதவு திறக்கும். கதவுக்கு அப்பால் வெறும் கிணறுதான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, பெட்டியைத் தரைத்தளத்தில் நிறுத்திவிட்டு, ஐந்தாவது மாடிப் பூட்டைக் கழற்றினேன். பிறகு மேலே இயந்திர அறைக்குப் போய்விட்டேன்.

தைத்த துணிகளை மோவாய் வரை அடுக்கிக்கொண்டு, கடையைப் பார்த்துப் பேசியபடியே பின்பக்கமாக லிப்டில் ஏறுவது அண்ணனின் பழக்கம். பத்துத் தடவையாவது கண்டித்திருக்கிறேன். அன்றைக்கும் அப்படித்தான். "பெரியப்பா இதோ வந்துர்றேன், நீ அதுக்குள்ள நீலத்த முடிச்சு வை" என்று அவர் சொன்னது மேலே எனக்குக் கேட்டது.

பூட்டை மறுபடி மாட்டினேன். என் பதிவேட்டில், 'ஐந்தாம் தளம், கதவுப் பூட்டு, சோதனைக்காகக் கழற்றி மாட்டப்பட்டது' என்று நேரத்தோடு எழுதினேன். நீங்கள் என்னைப் பிடித்தது அதை வைத்துத்தான் என்று தெரியும். எழுதாமல் விட்டிருக்கலாமே என்று, நான் சொல்வதை எழுதுகிற இந்தத் தம்பி கேட்டார். செய்த வேலையை எழுதாமல் விட்டு எனக்குப் பழக்கமில்லை.

அதன் பிறகு அண்ணனின் உயில் ஓட ஆரம்பித்தது. நான் கூடவே நடந்து பார்த்தேன். முதல் சிக்கல் பெயரில் வந்தது. அண்ணியை வீட்டில் கூப்பிடும் பெயரையே அண்ணன் உயிலில் எழுதியிருந்தார். முப்பது வருடம் குடும்பம் நடத்தியும் சான்றிதழில் இருந்த பெயர் அவருக்கு ஞாபகம் இல்லை. இரண்டு பெயரும் ஒருத்திதான் என்று நிரூபிக்க அண்ணி நாலு மாதம் அலைந்தார்கள். வீட்டுக்கு வந்து என் உயிலை எடுத்துப் பார்த்தேன். நானும் 'பாப்பா' என்றுதான் எழுதியிருந்தேன். ஓட்டிப் பார்த்திராவிட்டால் இது தெரிந்திருக்குமா?

அடுத்தது சாட்சி. அண்ணன் சுயநினைவோடுதான் கையெழுத்துப் போட்டார் என்று சாட்சிகளில் ஒருவராவது கோர்ட்டுக்கு நேரில் வந்து சொல்ல வேண்டும் என்றார்கள். போஸ்ட்மாஸ்டர் அதற்குள் வயதாகிப் போய்ச் சேர்ந்திருந்தார். நான் போய்ச் சொன்னேன். படியிறங்கும்போது அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும் இல்லன்னா நாங்க நடுத்தெருவுலதான் நின்னுருப்போம், தம்பி" என்று அழுதார்கள்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. என் உயிலுக்குச் சாட்சிகள் போஸ்ட்மாஸ்டரும் அண்ணனும். இரண்டு பேருமே இல்லை.

"அண்ணன் சாட்சி இல்லாமப் போனதுக்கு நீதானேய்யா காரணம்?" என்று நேற்று நீங்கள் கேட்டீர்கள். ஒரு பக்கமிருந்து பார்த்தால் அப்படித் தெரியும். ஆனால் ஒரு கிழவரையும், என்னைவிட ஏழு வயது மூத்தவரையும் சாட்சியாக வைத்தது அடிப்படையிலேயே தப்பான அமைப்பு. என்றாவது சிக்கியிருக்கும். இப்போதே தெரிந்தது நல்லதாகப் போயிற்று.

நீங்கள் கொடுத்த தாளில் நேற்றே புதிதாக எழுதிவிட்டேன். மகளின் பெயரைச் சான்றிதழில் உள்ளபடி போட்டிருக்கிறேன். அவளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அண்ணிக்குக் கொடுத்திருக்கிறேன். விஷயம் தெரிந்ததிலிருந்து அண்ணி இங்கே வரவில்லை. ஆனால் மகள் அவர்களிடம்தான் இருக்கிறாளாம். பொத்தான்களை எல்லாம் பிரித்து முடித்துவிட்டு, பெரியப்பா எப்போ வருவாரு என்று கதவைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறாளாம். மறுபடி கலந்து வைத்தால் போதும், சரியாகிவிடுவாள். அதை அண்ணியிடம் யாராவது சொல்லுங்கள். சின்ன வேலைதான்.

வாக்குமூலத்துக்கும் உயிலுக்கும் கேட்கிற தகுதி ஒன்றுதான்: சுயநினைவோடு, யாரும் வற்புறுத்தாமல் எழுதியிருக்க வேண்டும். வாக்குமூலத்தில் இதோ கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். உயிலுக்கான தீர்வும் எளிதுதான். சாட்சிகள் எழுதுகிறவனைவிட இளையவர்களாக இருக்க வேண்டும், குடும்பத்துக்கு வெளியே இருக்க வேண்டும். நீங்கள் என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். எழுதிக்கொண்டிருக்கும் இந்தத் தம்பிக்கு முப்பதுகூட இருக்காது. இரண்டு பேரும் இங்கே, இந்தக் கோட்டுக்கு மேல், கையெழுத்துப் போடுங்கள்.