மஞ்சள் தொட்டியின் காற்றை அளந்தவருக்கு

அறிந்ததை அடக்கமாகவும் அறியாததை அஞ்சாமலும் அவையில் சொல்லும் அரும்பெரும் பேராசிரியரே! வேதியியல் துறைக்கு வேராகவும் வேலியாகவும் விளங்கிய அம்மையீரே! வணக்கம்.

முப்பத்தோராண்டுப் பணி நிறைந்து விடைபெறும் தங்களைப் புகழத் தொடங்கினால் பாதியிலேயே எழுந்து போய்விடுவீர்கள் என்பதைப் பட்டறிந்தவர்கள் நாங்கள். ஆதலால், ஒரு மாணவி வேதியியலில் முனைவர் ஆய்வுக்கு ஏன் வந்தாள் என்பதை மட்டும் சொல்கிறோம். அந்த மாணவி தாங்களே!

முதுகலை முடித்த கையோடு அவளுக்கு வண்ணப்பூச்சு ஆலையில் வேலை கிடைத்தது. அதே வாரம், குரோமிய முலாம் பூசும் பட்டறையில் ஒன்பதாண்டு உழைத்த அண்ணனை மருத்துவரிடம் அழைத்துப் போனாள். மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை. வாசனை அறவே தெரியவில்லை.

“தொட்டியில என்ன இருக்கு?” என்று கேட்டார் மருத்துவர்.

“மஞ்சத் தண்ணின்னு சொல்வாங்க டாக்டர். வேற தெரியாது,” என்றார் அண்ணன்.

“குரோமியம்,” என்றாள் தங்கை.

“சரிம்மா, காத்துல அது எவ்வளவு கலந்திருக்கு? அது தெரியாம முதலாளிகிட்ட நான் எப்படிப் பேசுறது?”

ஐந்தாண்டு வேதியியல் படித்தவளுக்கு, வீட்டுக்குள் நுழைந்த நஞ்சின் பெயர் தெரிந்ததே ஒழிய, அளவு தெரியவில்லை. வேலைக்கான கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு ஆய்வில் சேர்ந்தாள்.

“தேடி வந்த வேலையை விட்டுட்டு இன்னும் படிப்பாடி?” என்று அம்மா பொரிந்து தள்ளினார். அண்ணன்தான் குறுக்கே புகுந்தார்: “விடும்மா, போகட்டும். பட்டறைக்குள்ள இன்னும் எட்டுப் பேர் நிக்கிறாங்க.”

சட்டையில் குத்திக்கொள்ளும் சிறு தாள். நஞ்சு பட்டால் ஊதாவாகும். நிறத்தின் அழுத்தம் அளவைச் சொல்லும். அதுதான் ஆய்வு. வியர்வை பட்டுப்பட்டு நான்காண்டு அந்தத் தாள் பொய் சொன்னது. ஐந்தாம் ஆண்டில் மெய் சொன்னது. எட்டுப் பேர் சட்டையிலும் நண்பகலுக்குள் ஊதா! மருத்துவரும் அவளும் அத்தாள்களை முதலாளியின் மேசையில் பரப்பியபோது அவர் இசைந்தார். தொட்டிகளின்மேல் காற்றை உறிஞ்சும் குழாய்கள் வந்தன.

வாய்மொழித் தேர்வில், ஆய்வேடு அண்ணனுக்குப் படைக்கப்பட்டிருப்பதைப் பார்த்த தேர்வாளர் கேட்டார்: “இதனால உங்க அண்ணனுக்கு என்ன கிடைச்சுது?”

“அவருக்கு ஒண்ணுமில்லைங்க ஐயா. இன்னும் வாசனை தெரியாது. அவர் இடத்துல இப்ப நிக்கிறவருக்கு மூக்கு நல்லா இருக்கு.”



அம்மையீரே! அவ்விடைக்குப் பின் தாங்கள் உருவாக்கிய இருபத்திரண்டு முனைவர்களும் இதோ இவ்வரங்கில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களைவிடப் பெரிய பாராட்டை எங்களால் எழுத இயலாது. உடல்நலமும் உளநிறைவும் ஓங்க, பல்லாண்டு வாழ்க! எங்களுக்கு ஒன்று விளங்காதபோது வந்து கதவைத் தட்டுவோம். தயவுசெய்து திறவுங்கள்.

என்றும் தங்கள் அன்பில் வாழும்
வேதியியல் துறை ஆசிரியர்கள், அலுவலர்கள், ஆய்வகப் பணியாளர்கள்