ரோசிக்கு ஒரு ஈத்து

வில்லியனூரில் மதகடிப்பட்டு பஸ் ஏறினேன். முன்சீட்டில் ஒரு புருஷன், பெண்டாட்டி. காலடியில் மாட்டுக்கு வாங்கின தவிட்டு மூட்டை. திடீரென்று அந்தப் பெண் கேட்டாள்.

“மாமா, பொறக்கறது அத்தினியும் பொட்டையா இருந்தா இன்னா பண்ணுவே?”

“நாய்க்குட்டிக்கா இப்பிடி பயப்படற? ரோசி இன்னும் செனையே ஆவல.”

“அதான் நாளைக்கு உன் பிரண்டு அவன் வூட்டு ஆண் நாயக் கூட்டிக்கினு வரானே.”

“ஒரே ஒரு ஈத்து போடட்டும்டி. அப்பறம் ஆபரேஷன் பண்ணிடலாம். குட்டி வேணும்னு எத்தினி பேரு சொல்லி வச்சிருக்காங்க!”

“எல்லாரும் ஆண் குட்டிதான் கேட்டாங்க. பொட்ட குடுன்னு ஒருத்தராவது கேட்டாங்களா?”

திருபுவனையில் கம்பெனி ஆட்கள் திமுதிமுவென்று ஏறினார்கள். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, காலால் மூட்டையைத் தொட்டுக் காட்டினாள்.

“இந்த மாதிரி கோணிலதானே ரோசி கெடந்தா? வாய்க்கா ஓரம் கோணி அசையுதேன்னு நீதான் அவுத்தே. கூட இருந்த குட்டிங்க எல்லாம் செத்துக் கெடந்துச்சு. அத்தினியும் பொட்ட. எனக்கு இன்னும் கண்ணுலயே நிக்குது.”

“அதுக்கு? நான் அந்த மாதிரி ஆளா?”

“அப்ப அத்தினியும் நம்பளே வச்சிக்கலாமா?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“மொதல்ல பொறக்கட்டும். அப்பறம் பாத்துக்கலாம்.”

“அந்தக் கோணியக் கட்டுனவனும் அவன் பொண்டாட்டிகிட்ட இதத்தான் சொல்லியிருப்பான் மாமா.”