கடைசிப் பீரியடு

செம்மேடு போகும் பஸ்ஸில் முன் சீட்டிலிருந்து வந்த ஒரு பேச்சு என் தூக்கத்தைக் கலைத்தது.

"நான் அந்தக் காலேஜையே பாத்ததில்லீங்க. எப்படீங்க 'மிக நன்று'ன்னு கையெழுத்துப் போடறது?"

சொன்னவர் மலைமேல் உள்ள திருப்புலி நாட்டு விவசாயி. மகள் மலைக்குக் கீழே கல்லூரியில் படிக்கிறாள். கையெழுத்துக் கேட்டவர் அந்தக் கல்லூரி ஆசிரியர். மடியில் படிவக் கட்டு.

"காலேஜோட தரத்தைப் பாக்க மத்திய அரசுக் குழு வருதுங்க. பெத்தவங்க கருத்து வேணுமாமுங்க. எல்லாரும் அப்படித்தான் போட்டிருக்காங்க."

"எம்புள்ள கடைசிப் பீரியடு ஒரு நாளும் இருந்ததில்லீங்க. இருந்தா மலைக்கு பஸ் போயிருமுங்க. அதை எழுதுங்க, போடறேன்."

"எழுதுனா தரம் கொறைஞ்சிருமுங்க."

"அப்ப இதை எழுதுங்க. அந்தப் பீரியடு வாத்தியாரு, பஸ்ஸுக்கு ஓடற மலைப் புள்ளைகளுக்கு ஆப்சென்டே போடறதில்லையாமுங்க. அவருக்கு வேணா 'மிக நன்று' போடறேன்."

ஆசிரியர் படிவக் கட்டை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"அது நான்தானுங்க," என்றார். "குழு வந்து கேட்டா, அதை மட்டும் சொல்லீராதீங்க."