பத்தாம் நம்பர் மலையின் ஐந்தாவது பெயர்

அருட்தந்தை அவர்களே, கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பாடசாலை அதிபர் ரோகினி அவர்களே, மேர்வினின் துணைவியார் பெற்றீசியா அவர்களே, மகள் ஜெரோமி, மழையையும் பாராமல் கந்தப்பளையிலிருந்தும் இறம்பொடையிலிருந்தும் வந்து இந்தக் கொட்டகலை மண்டபத்தில் நெருக்கி உட்கார்ந்திருக்கும் உறவுகளே, எல்லாருக்கும் என் வணக்கம்.

இசைச்செம்மல் மேர்வின் பத்திநாதனை மண்ணுக்குக் கொடுத்து ஒன்பது நாளாகிறது. நாங்கள் ‘நீலப்பனி’ குழுவைத் தொடங்கியபோது அவனுக்கு வயது இருபத்திரண்டு. நான், சின்னத்தம்பி, அந்தக் குழுவின் டிரம்காரன். பிறகுதான் கணக்கு வாத்தியார் ஆனேன். அவன் கடைசிவரை கிட்டார்க்காரனாகவே இருந்தான். எங்கள் இருவரில் யார் கெட்டிக்காரன் என்று இப்போது தெரிகிறது.

எங்கள் தேயிலைத் தோட்டத்து மலையின் பெயரை வைத்த ‘பத்தாம் நம்பர் மலை’ என்ற அந்த இசைத்தட்டைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்? எழுபத்தொன்பதில், கொழும்பில், மூன்றே நாளில் பதிவு செய்தோம். ஐந்தே பாட்டு. பத்திரிகைக்காரர்கள் அதற்கு சைகடெலிக் ரொக் என்று பெயர் வைத்தார்கள். பெயர் எங்களுக்கு வாயில் நுழையவில்லை. கிட்டாரை எதிரொலி மெஷினில் போட்டு, கோயில் ஆர்கனைப் பின்னால் வைத்து, தேயிலைத் தொழிற்சாலை ரோலர் சத்தத்தை டேப்பில் பிடித்துவந்து தலைகீழாக ஓடவிட்டான் மேர்வின். ஸ்டூடியோக்காரர் மெஷின் பழுதென்று நினைத்துக் கரண்டை நிறுத்திவிட்டார்.

அந்தப் பாட்டுகள் ஏன் இன்னும் சாகவில்லை? ஹட்டன் த்ரீவீலில் அது ஓடுகிறது. கொழுந்தெடுக்கும் பிள்ளைகளின் போனில் அது இருக்கிறது. கடல் கடந்த நாட்டில் ஒரு கம்பெனி அதை மறுபடி இசைத்தட்டாகப் போடுகிறது. ஏன்? ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். கடைசிப் பாட்டை மட்டும் எல்லாருமே சொல்வார்கள். பதினொரு நிமிஷப் பாட்டு. முதல் இரண்டு நிமிஷம் வெறும் தப்பு மேளச் சத்தம். அப்போது எங்கள் தோட்டத்தில் விடிகாலையில் தப்படித்துத்தான் ஆட்களை வேலை பிரிக்கும் பெரட்டுக்குக் கூப்பிடுவார்கள். அதே அடி.

தட்டு வந்த வருஷம் அந்தோனியார் திருவிழா அன்று தோட்டத்துக்கு லீவு. லவுட்ஸ்பீக்கர்காரர் விடிகாலையில் முதல் வேலையாக அந்தப் பாட்டைப் போட்டுவிட்டார். பத்து நிமிஷத்தில் அறுபது பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்கு கட்டி, கூடையை மாட்டிக்கொண்டு பெரட்டுக் களத்தில் வந்து நின்றார்கள். வேலை வாங்கும் கண்டாக்கையா சட்டைப் பட்டனைப் போட்டபடியே ஓடி வந்தார். அப்புறம் ஒரே சிரிப்பு. சிரிக்காத ஒரே ஆள் கொழுந்தெடுக்கும் அம்மாக்கண்ணு அக்கா.

“இது ஆண்டியப்பன் அடி. இருவது வருசமா இதக் கேட்டுத்தான் எந்திரிக்கிறேன்” என்றார்.

“இல்லக்கா, நான் அடிச்சது. அட்டையில என் பேரு போட்டிருக்கு, பாருங்க” என்றேன்.

“எனக்கு எழுத்துத் தெரியாது தம்பி. காது கேக்கும்” என்றார்.

சபையோரே, அக்கா சொன்னது உண்மை. அந்தத் தப்பை அடித்தது நானில்லை. எங்கள் தோட்டத்தில் பெரட்டுக்குத் தப்படித்த ஆண்டியப்பன் அண்ணனை மேர்வின்தான் கொழும்புக்கு ரயிலேற்றிக் கூட்டிவந்தான். ஒரே தடவையில் அடித்து முடித்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு அண்ணன் ஊருக்குத் திரும்பினார்.

பதிவு முடிந்ததும் மேர்வினுக்குக் காய்ச்சல். அட்டையில் போடும் பெயர்களை அச்சகத்தில் கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. சாவு வீட்டில் தப்படிக்கிறவர் பெயரை என் பெயருக்குப் பக்கத்தில் போட எனக்குக் கூசியது. அந்த அடியின் பெருமையும் எனக்கே வேண்டியிருந்தது. ஐந்து பேர் வாசித்த தட்டுக்கு நான்கு பேர் பெயரைக் கொடுத்தேன். தப்பு என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன்.

அட்டையைப் பார்த்த அன்று மேர்வின் என் லயத்து வீட்டுக்கு வந்தான். கத்தவில்லை. “சின்னா, இத நீயே சொல்லிரு. நான் சொன்னா உன்னைய அசிங்கப்படுத்துன மாதிரி ஆயிரும்” என்றான். அன்றிலிருந்து பேட்டி எடுக்க யார் வந்தாலும், “அந்த அடியப் பத்திச் சின்னத்தம்பிகிட்ட கேளுங்க” என்று என் பக்கம் கையைக் காட்டுவான். அதை அவனுடைய அடக்கம் என்று எழுதினார்கள். அவன் எனக்கு வழி விட்டுக்கொண்டே இருந்தான். நான் ஒவ்வொரு தடவையும் வாங்கிய பாராட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அண்ணனும் ஒரு நாள்கூட என்னைக் கேட்கவில்லை. கேட்காததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு நாளுக்கு முன், மறுபடி வரும் தட்டின் புது அட்டையைச் சரிபார்க்கச் சொல்லி ஜெரோமி கொண்டுவந்து தந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்த மேர்வின், “இந்தத் தடவையாச்சும் சின்னா” என்றான். “நாளைக்குச் சொல்றேன்” என்றேன். மறுநாள் அவன் இல்லை. கேட்டுச் சந்தோஷப்பட வேண்டியவன் போனபிறகு சொல்கிறேன். இந்த வெட்கம் என்னோடு இருக்கட்டும், அதற்கு ஆறுதல் சொல்ல வேண்டாம்.

இந்த மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் மேர்வின் நடத்திய கிட்டார் வகுப்பு நிற்காது. வருகிற சனிக்கிழமை நான் கதவைத் திறப்பேன். புது அட்டை இன்று காலை அச்சுக்குப் போய்விட்டது. அதில் ஐந்து பெயர். தப்பு என்ற இடத்தில் ஆண்டியப்பன். என் கையால் எழுதிக் கொடுத்தேன்.

அண்ணன் இங்கேதான் இருக்கிறார். வாசலோரப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், எண்பத்து மூன்று வயது. மேர்வின் சாவுக்கும் அவர்தான் வந்து அடித்தார்.

அண்ணே, நீங்க எந்திரிக்க வேணாம். கைகூப்பவும் வேணாம். இந்த மேடையில நான் நிக்கிறதே உங்க அடியால. நான் எறங்கி வர்றேன்.